தொடர், மின்னூல், அச்சு: சொந்தமாக நாவல் வெளியிடும் வாழ்க்கை, 2018 முதல்

குடும்ப நாவல் எழுதி, பதிப்பாளர் ஒருவரின் தயவை எதிர்பாராமல் தானே வெளியிட்டு, வீட்டுச் செலவின் ஒரு பகுதியையாவது அதில் சம்பாதிக்க முடியுமா என்று புதிதாக எழுத வருகிற பெண்கள் என்னிடம் கேட்கிறார்கள். முடியும். 2018-இல் முதல் நாவலை அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் ஏற்றியதிலிருந்து அப்படித்தான் எழுதி வருகிறேன். ஆனால் ஒரு புத்தகம் ஒரே இடத்தில் விற்று அந்தப் பணம் வரும் என்று நினைத்து இறங்கக் கூடாது. ஒரு கதை முதலில் தொடராக வாழ்கிறது, பிறகு மின்னூலாக, அதன்பின் அச்சில், வாய்த்தால் ஒலி வடிவில். இந்த நான்கு பிறவிக்கும் உரிமை எழுதியவர் கையில் இருந்தால் மட்டுமே இந்தத் தொழில் நிற்கும். நான் சொல்லப் போகிறவை எல்லாமே இதைச் சுற்றியவைதான்.

தொடரிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இந்த வேலையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. பிரதிலிபி போன்ற கதை வாசிக்கும் செயலிகளிலும் வேறு தளங்களிலும் வாரத்துக்கு மூன்று அத்தியாயம் என்ற கணக்கில் கதை போகும். புதிதாக வரும் அத்தியாயத்தை வாசகிகள் ‘யூடி’ (அப்டேட்) என்பார்கள். ‘அடுத்த யூடி எப்போது அக்கா?’ என்ற கேள்வி காலையில் பால் காய்ச்சும்போதே வந்து நிற்கும். அச்சு இதழ்களில் தொடர் எழுதியவர்களுக்கு வாசகர் கடிதம் வந்து சேர ஒரு வாரமாகும். எங்களுக்கு அத்தியாயம் வெளியான அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும், எந்த இடத்தில் அழுதார்கள், எந்த இடத்தில் சலித்தார்கள் என்று.

ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு நாவலில் நாயகி புகுந்த வீட்டை விட்டுத் தன் தையல் மெஷினோடு கிளம்புகிறாள். அந்த அத்தியாயத்தை அவள் முடிவெடுப்பதோடு நிறுத்தியிருந்தேன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு வாசகி அன்றிரவே எழுதினார்: ஸ்டாண்டோடு தூக்கிக்கொண்டு பஸ் ஏற முடியாது அக்கா, மெஷினின் தலையை மட்டும் கழற்றிச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு போவோம், ஸ்டாண்டு அங்கேயே நிற்கும். அடுத்த அத்தியாயம் முழுக்க அந்த வரியிலிருந்துதான் பிறந்தது. தலையில்லாத ஸ்டாண்டு திண்ணையில் நிற்கிறது. மாமியார் அதன்மேல் முறத்தில் வடகம் காயப்போடுகிறாள். மகன் ஒருநாள் சும்மா உட்கார்ந்து மிதிபலகையை மிதித்துப் பார்க்கிறான், சக்கரம் சுற்றுகிறது, தைக்க ஊசி இல்லை. தனியறையில் உட்கார்ந்து யோசித்திருந்தால் எனக்கு இது கிடைத்திருக்காது. இந்த உறவுக்காகவே தொடர் எழுதுவதை நான் விடப்போவதில்லை.

அதற்கு ஒரு விலையும் உண்டு. வாரம் மூன்று அத்தியாயம் என்றால் காய்ச்சல், கல்யாணம், பிள்ளையின் தேர்வு எதுவும் கணக்கில் வராது. அதனால் பாதி நாவலாவது எழுதி முடித்துக் கையில் வைத்துக்கொள்ளாமல் முதல் அத்தியாயத்தை வெளியிடுவதில்லை. முடிவு என்ன என்பதையும் முன்பே எழுதி வைத்துவிடுவேன். வாசகிகள் வில்லனைத் திருத்தச் சொல்லிக் கேட்பார்கள், இறந்துபோகப் போகிற பாட்டியைக் காப்பாற்றச் சொல்லிக் கெஞ்சுவார்கள். அன்பாகக் கேட்பதை மறுப்பது கடினம்தான். ஆனால் நூறு பேருடைய ஆசைப்படி முடிகிற கதை பிறகு புத்தகமாகப் படிக்கும்போது முதுகெலும்பில்லாமல் கிடக்கும். வழியில் சேரும் விவரங்களை வாசகரிடமிருந்து வாங்கிக்கொள்ளுங்கள், முடிவை மட்டும் யாரிடமும் கொடுக்காதீர்கள்.

தட்டச்சு பற்றி ஒரு வார்த்தை. நாளெல்லாம் எழுதுகிறவர்கள் தமிழ்99 விசைப்பலகையைக் கற்றுக்கொள்வது நல்லது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் வலக்கைப் பக்கம்; ஒரே மெய் இரட்டித்தால் புள்ளி தானாக விழும். ஆங்கில ஒலிப்பில் அடிப்பதைவிட விசை அழுத்தங்கள் வெகுவாகக் குறைகின்றன. மணிக்கட்டு வலிக்கு நான் கண்ட நல்ல மருந்து இதுதான். பஸ்ஸில் போகும்போது கைபேசியில் எழுதச் செல்லினம் என்ற தமிழ்த் தட்டச்சுச் செயலி போதும்.

இனி மின்னூல். அமேசான் தமிழ் உட்பட ஐந்து இந்திய மொழிகளில் கிண்டில் நூல்களைக் கொண்டுவந்தது 2016 டிசம்பரில். என்னைப் போன்றவர்களுக்குக் கதவு திறந்தது அன்றுதான். கோப்பை ஏற்றினால் ஓரிரு நாளில் புத்தகம் கடைக்கு வந்துவிடும். எத்தனை பிரதி விற்றது, எத்தனை பக்கம் படிக்கப்பட்டது என்பது அன்றன்றைக்குத் தெரியும். ஒரு மாதத்தின் பணம் ஏறத்தாழ அறுபது நாள் கழித்து வங்கிக்கு வரும். கணக்குக் கேட்டு யார் வாசலிலும் நிற்க வேண்டியதில்லை என்பதன் அருமை, ராயல்டிக்காகத் தொலைபேசியில் காத்துக் கிடந்தவர்களுக்குத்தான் தெரியும். தமிழ் எழுத்தாளருக்கு இது கொடுத்த தன்மானத்தை நான் எந்தப் பரிசைவிடவும் பெரிதாக மதிக்கிறேன்.

நிபந்தனைகளைப் படித்துவிட்டு இறங்க வேண்டும். ராயல்டி 35 சதவீதம், 70 சதவீதம் என்று இரண்டு வகை. அமேசானின் இந்தியக் கடையில் 70 சதவீதம் வேண்டுமானால், கிண்டிலின் சுயவெளியீட்டுத் தளமான கேடிபியின் ‘செலக்ட்’ திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் 90 நாட்களுக்கு அந்த நாவலின் மின்வடிவம் வேறெங்கும் இருக்கக் கூடாது. மாதிரிக்குப் பத்து சதவீதம் வரை வெளியே வைக்கலாம். தொடர் முடிந்ததும் ‘இன்னும் பத்து நாளில் கதை நீக்கப்படும்’ என்று நாங்கள் அறிவிப்பதன் காரணம் இதுதான், வாசகிகள் மேல் கோபம் ஒன்றுமில்லை. 90 நாள் முடிந்தால் திட்டம் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். விலக நினைப்பவர்கள் அதற்கு முன்பே ‘தானாகப் புதுப்பி’ என்பதற்கான குறியை எடுத்துவிட வேண்டும்.

எனக்கு மின்னூல் வருமானத்தில் பெரும்பங்கு விற்பனையிலிருந்து வருவதில்லை, சந்தா கட்டி எத்தனை நூலும் படிக்கலாம் என்ற கிண்டில் அன்லிமிடெட் திட்டத்தின் சந்தாதாரர்கள் படிக்கும் பக்கங்களிலிருந்து வருகிறது. ஒரு பக்கத்துக்குக் கிடைப்பது பைசாக் கணக்குதான், அதுவும் மாதத்துக்கு மாதம் மாறும். ஆனால் குடும்ப நாவல் வாசகிகள் ஒரே மூச்சில் படிப்பவர்கள். ஒரு நாவல் பிடித்துவிட்டால் அதே எழுத்தாளரின் பழைய நாவல்களை எல்லாம் வரிசையாக எடுத்துவிடுவார்கள். ஐந்தாவது நாவல் வந்தபோது முதல் நாவலின் பக்கக் கணக்கு எழுந்ததைப் பார்த்தேன். பழைய சரக்கு என்று இந்தத் தொழிலில் ஒன்று கிடையாது. எனவே முதல் நாவல் ஓடவில்லை என்று யாரும் பேனாவை மூடிவிட வேண்டாம்.

சில சில்லறை விஷயங்களும் பணத்தைத் தீர்மானிக்கின்றன. 70 சதவீத வகையில் கோப்பின் அளவுக்கு ஏற்ப ஒரு மெகாபைட்டுக்கு 7 ரூபாய் அனுப்பும் கட்டணமாகக் கழிப்பார்கள். அத்தியாயத்துக்கு ஒரு கோட்டோவியம் வைக்கிறவர்கள் படங்களைச் சுருக்கிவிட்டு ஏற்றுங்கள். கடையில் இலவச மாதிரியாகக் காட்டப்படுவது புத்தகத்தின் முதல் பத்து சதவீதம் அளவுதான். அதை அணிந்துரை, என்னுரை, நன்றியுரை என்று நிரப்பிவிட்டால் வாசகி கதைக்கு வருமுன்பே மாதிரி முடிந்துவிடும். என் நன்றியுரைகளை எல்லாம் கடைசிப் பக்கத்துக்கு அனுப்பிவிட்டேன். அமெரிக்கக் கடையில் வாங்கும் தமிழர்களின் தொகைக்கு அங்கே வரி பிடிப்பார்கள். வரிப் படிவத்தில் பான் எண்ணைச் சரியாகக் கொடுத்தால் இரு நாட்டு ஒப்பந்தப்படி 15 சதவீதம், கொடுக்காவிட்டால் 30.

எழுத்துப் பிழைக்கு வருகிறேன். சுயமாக வெளியிடுகிறவர்கள் அட்டைக்குச் செலவழிக்கும் பணத்தை மெய்ப்புப் பார்ப்பவருக்குக் கொடுக்கத் தயங்குகிறார்கள். எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு: இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் மெய்ப்புக்குக் கொடுங்கள். வல்லினம் மிகும் இடத்தில் மிகாமலும் மிகாத இடத்தில் மிகுந்தும் வரும் பக்கத்தை எவ்வளவு நல்ல அட்டையும் காப்பாற்றாது. கணினிக்கே உரிய பிழைகள் தனி. ‘ஔவை’ என்று ஒரே எழுத்தாக அடிப்பதற்குப் பதில் ஒ, ள என்று இரண்டு எழுத்தாக அடித்தால் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். ஆனால் கடையின் தேடல் பெட்டிக்கு அவை வேறு வேறு சொற்கள். அந்த எழுத்து தலைப்பில் வந்தால் புத்தகமே தேடலில் சிக்காது. ‘கௌ’வுக்கும் இதே கதி. கோப்பை ஏற்றுவதற்கு முன் ‘ஒள’ என்று தேடி ஒவ்வொன்றாகப் பார்ப்பது என் கடைசி வேலை.

அச்சு வேறு உலகம். அச்சுக்குப் பக்கம் வடிவமைக்கும் டிடிபி நிலையங்கள் பெரும்பாலானவற்றில் இன்னும் யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருக்கள் புழங்குகின்றன. நாம் யூனிகோடில் கொடுத்ததை அவர்கள் மாற்றும்போது கொம்பு ஓரிடத்திலும் கால் ஓரிடத்திலுமாகச் சிதறும், ‘ஸ்ரீ’ காணாமல் போகும், மேற்கோள் குறிகள் வேறு எழுத்தாகிவிடும். அதனால் மாற்றியபின் வரும் பிடிஎஃப்பை முதல் வரியிலிருந்து திரும்பப் படித்தே ஆக வேண்டும். மொத்தமாக அச்சிடும் ஆஃப்செட் முறையில், பதினாறு பக்கம் சேர்ந்த ‘பாரம்’ (ஃபார்ம்) என்ற கணக்கில் தாள் ஓடும். 212 பக்கம் வந்தால் நான்கு பக்கம் குறைத்து 208-இல் நிறுத்துவது தாளுக்கும் காசுக்கும் நல்லது. முந்நூறுக்குக் குறைவான பிரதிகளுக்கு, தேவைப்படும்போது தேவையான அளவு மட்டும் அச்சிடும் பிரின்ட் ஆன் டிமாண்ட் முறைதான் கட்டும். ஒரு பிரதிக்கு அடக்க விலை கூடுதல், ஆனால் கட்டிலுக்கு அடியில் அட்டைப்பெட்டி சேராது.

நூலுக்கான சர்வதேச அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னை வாங்கித் தருகிறோம் என்று பணம் கேட்பவர்கள் உண்டு. ராஜா ராம்மோகன் ராய் பெயரிலான தேசிய முகமை அதை எழுத்தாளர்களுக்கு நேரடியாகக் கட்டணமின்றியே தருகிறது. இணையத்தில் விண்ணப்பித்துப் பொறுத்திருந்தால் போதும். தானே வெளியிடுகிறவர் சட்டத்தின் கண்ணில் பதிப்பாளரும்கூட. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி நூல் வெளியான 30 நாட்களுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மூன்று பொது நூலகங்களுக்கும் சொந்தச் செலவில் பிரதி அனுப்ப வேண்டும். பலர் இதைச் செய்வதில்லை. நான் ஒவ்வொரு நாவலுக்கும் அனுப்புகிறேன். குடும்ப நாவல் என்றால் படித்துத் தூக்கிப் போடுவது என்று நினைக்கும் ஊரில், நம் பெண்கள் இந்தக் காலத்தில் என்ன பேசினார்கள், எதற்குப் பயந்தார்கள் என்பதற்கான சாட்சி கன்னிமாராவின் அடுக்கில் இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

அச்சில் லாபம் குறைவு. கடைக்காரருக்கும் விநியோகத்துக்கும் முப்பது முதல் நாற்பது சதவீதம் கழிவு போகும். ஜனவரி சென்னைப் புத்தகக் காட்சியில் வாசகருக்குப் பத்து சதவீதத் தள்ளுபடி தனி. ஆனாலும் லெண்டிங் லைப்ரரிகளில் புத்தகம் எடுத்துப் படிக்கும் அம்மாக்களும் அத்தைகளும் திரையில் படிப்பதில்லை. அவர்களிடம் போய்ச் சேர வேறு வழி கிடையாது.

என்னை உண்மையாகவே வேதனைப்படுத்துவது கள்ளப் பிடிஎஃப். மின்னூல் வெளியான சில நாட்களில் செய்திச் செயலிக் குழுக்களில் முழு நாவலும் சுற்றத் தொடங்கிவிடும். புகார் கொடுத்தால் ஒரு குழுவை மூடுவார்கள், வேறு பெயரில் இரண்டு முளைக்கும். புத்தகம் வாங்க வசதியில்லாதவர்கள்தானே என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். அந்தக் குழுக்களில் சிலவற்றில் சேரப் பணம் வாங்குகிறார்கள் என்பதை அவர்கள் அறிவதில்லை. ஒரு வருட உழைப்பை யாரோ சந்தா போட்டு விற்கிறார்கள். நான் செய்வது இரண்டு: அத்தியாயங்களை எழுதிய தேதியோடு கோப்புகளைப் பத்திரப்படுத்துகிறேன், புகாருக்கு அது ஆதாரம்; தொடரின் கடைசி அத்தியாயத்தில் இதைப் பற்றி வாசகிகளிடம் நேராகப் பேசுகிறேன். இணைப்புகளைக் கண்டுபிடித்து எனக்கு அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான்.

கடைசியாக ஒப்பந்தம். பெயர் கொஞ்சம் தெரிந்ததும் பதிப்பகங்களும் ஒலிச் செயலிகளும் தேடி வரும். சந்தோஷத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆவது பிரிவை ஒருமுறை படியுங்கள். உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில் இருக்க வேண்டும். எந்த உரிமை, எவ்வளவு காலம், எந்தப் பரப்பு, எவ்வளவு ராயல்டி என்பது அதில் வர வேண்டும். காலம் சொல்லப்படாவிட்டால் ஐந்து ஆண்டு என்றே சட்டம் கொள்ளும். பரப்பு சொல்லப்படாவிட்டால் இந்தியா மட்டும். வாங்கியவர் ஓராண்டுக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தம் வேறு விதமாகச் சொல்லாத வரை, அது எழுத்தாளரிடமே திரும்பிவிடும். ‘எல்லா வடிவங்களிலும், எல்லா மொழிகளிலும், நிரந்தரமாக’ என்ற வரியை நான் பேனாவால் அடித்துவிட்டு, ‘அச்சு வடிவம் மட்டும், தமிழில், மூன்று ஆண்டுகளுக்கு’ என்று எழுதித் திருப்பி அனுப்புவேன். பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறார்கள். ஒப்புக்கொள்ளாதவர்களிடம் அந்த நாவலைக் கொடுத்ததில்லை. அப்படிக் கொடுக்காத நாவல்களில் இரண்டு இப்போது வேறோர் இடத்தில் ஒலிநூலாகத் தயாராகிக்கொண்டிருக்கின்றன.