லேசிக் செய்து எட்டு வருஷம்: கேட்பவர்களுக்கு நான் சொல்வது

எனக்கு வலது கண்ணில் மைனஸ் 5.5, இடது கண்ணில் மைனஸ் 6 பவர் இருந்தது. பள்ளிக்கூட நாளிலிருந்து கண்ணாடிதான். வேலூர் வெயிலில் ஹெல்மெட்டுக்குள் கண்ணாடி போட்டு ஸ்கூட்டி ஓட்டியவர்களுக்கு மேலே விளக்க வேண்டியதில்லை. மூக்கு வியர்த்து அது வழுக்கிக்கொண்டே இருக்கும். நான் சத்துவாச்சாரியிலிருந்து ராணிப்பேட்டை சிப்காட்டுக்கு வேலைக்குப் போய்வருகிறவள். போதாததற்கு வீட்டில் வரன் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். "பொண்ணு சோடாப்புட்டி போடுதாமே" என்று ஒரு அத்தை அம்மாவிடம் கேட்டது என் காதிலும் விழுந்தது. 26 வயதில் சென்னையில் லேசிக், அதாவது லேசரால் பவரைச் சரிசெய்யும் கண் அறுவை, செய்துகொண்டேன். இப்போது 34.

இன்றைக்கும் கண்ணாடி இல்லாமல்தான் வண்டி ஓட்டுகிறேன், பேருந்துப் பலகை படிக்கிறேன். திருப்திதான். ஆனால் "பண்ணலாமா அக்கா?" என்று கேட்டு வருகிறவர்களிடம் முதலில் சொல்வது இதை: லேசர் மாற்றுவது கண்ணின் முன்பக்கத்தை மட்டும். மைனஸ் 6 கண் உள்ளே மைனஸ் 6 கண்ணாகவேதான் இருக்கும்.

மைனஸ் பவர் உள்ள கிட்டப்பார்வைக் கண் பெரும்பாலும் முன்னுக்குப் பின் நீளமாக வளர்ந்த கண். ஒளி விழித்திரையில் விழாமல் அதற்கு முன்னாலேயே குவிந்துவிடும். லேசிக்கில் கருவிழியின், அதாவது கண்ணின் முன்பக்கம் உள்ள தெளிவான படலத்தின், நடுப்பகுதியை மைக்ரான் கணக்கில் செதுக்கித் தட்டையாக்குகிறார்கள். குவியும் இடம் பின்னால் நகர்ந்து விழித்திரைக்குப் போகிறது. கண்ணின் நீளம் குறைவதில்லை. அந்த நீளத்தால் இழுபட்டு மெலிந்த விழித்திரையும் அப்படியே இருக்கும். அதனால் அதிகப் பவர் இருந்தவர்கள் லேசிக்குக்குப் பிறகும் வருஷத்துக்கு ஒருமுறை கண் பாப்பாவை விரிக்கும் சொட்டு போட்டு விழித்திரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். திடீரென்று கண்ணுக்குள் மின்னல் வெட்டினாலோ, கறுப்புப் புள்ளிகள் கூட்டமாகப் பறந்தாலோ, ஓரத்தில் திரை இறங்கினாலோ அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். இதற்குச் சென்னைக்கு ஓட வேண்டாம். வேலூர் ஆரணி ரோட்டில் சிஎம்சி மருத்துவக் கல்லூரியின் ஷெல் கண் மருத்துவமனையே இருக்கிறது.

செதுக்குவது எக்சைமர் லேசர். 193 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட புற ஊதாக்கதிர் அது, திசுவைச் சுடாமல் மெல்லிய அடுக்காக நீக்கும். அமெரிக்காவில் ஐபிஎம் ஆய்வகத்தில் 1981இல் இதை முதலில் சோதித்தவர்களில் ஒருவர் ரங்கசாமி சீனிவாசன், நம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். பண்டிகை விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டில்தான் முதல் சோதனை நடந்ததாம். மேஜையில் படுத்திருந்தபோது எனக்கு அந்த வான்கோழிதான் ஞாபகம் வந்தது!

சரி, பரிசோதனைக்கு வருகிறேன். எந்த ஊர், எந்த மெஷின், எவ்வளவு தள்ளுபடி என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். இந்தக் கண்ணுக்குச் செய்யலாமா என்று முடிவாவது பரிசோதனையில்தான், அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் அதற்கு முன்பே கழற்றிவிட வேண்டும். சாஃப்ட் லென்ஸ் என்றால் ஒன்றிரண்டு வாரம், கடின லென்ஸ் என்றால் இன்னும் அதிகம். லென்ஸ் கருவிழியின் வடிவத்தை அழுத்தி மாற்றி வைத்திருக்கும், அந்த நிலையில் எடுக்கும் அளவு தப்பாக வரும். வயது 18 தாண்டியிருக்க வேண்டும், பவர் ஒரு வருஷமாவது நிலையாக இருக்க வேண்டும். பழைய கண்ணாடிச் சீட்டுகளை எடுத்துப் போனால் அதை அவர்களே ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வார்கள்.

அப்புறம் தடிமன் கணக்கு. நம் கருவிழியின் நடுத்தடிமன் சராசரியாக 540 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டரும் கொஞ்சமும். லேசிக்கில் மேலே ஃப்ளாப் என்று 100 முதல் 120 மைக்ரான் தடிமனில் ஒரு மெல்லிய அடுக்கைத் திறக்கிறார்கள். அதற்குக் கீழே ஒரு பவருக்குச் சுமார் 12 முதல் 15 மைக்ரான் செதுக்க வேண்டியிருக்கும். மைனஸ் 6 என்றால் 90 வரை போகலாம். எல்லாம் போக அடியில் குறைந்தது 250 மைக்ரானாவது மிஞ்ச வேண்டும், 300 மிஞ்சினால்தான் செய்வேன் என்கிற டாக்டர்களும் உண்டு. உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கும் எண்ணை வைத்து டாக்டர் முன்னாலேயே இந்தக் கழித்தலைப் போட்டுப் பாருங்கள். அதற்கு எரிச்சல்படுகிற டாக்டரிடம் செய்துகொள்ளாதீர்கள்.

என் தங்கைக்குப் பவர் என்னைவிடக் குறைவு, தடிமனும் போதுமான அளவு இருந்தது. ஆனாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கருவிழியின் மேடு பள்ளத்தை வரைபடமாக எடுக்கும் டாப்போகிராபியில் கீழ்ப்பக்கம் லேசாகப் புடைத்திருந்தது. கெரட்டோகோனஸ், அதாவது கருவிழி மெலிந்து கூம்பாகப் பிதுங்கும் நோய், ஆரம்பமாக இருக்கலாம் என்றார்கள். அந்தக் கண்ணில் லேசிக் செய்தால் கருவிழி மேலும் பலவீனமாகிப் பிதுங்கும், பார்வை கண்ணாடிக்கும் அடங்காமல் போகலாம். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே அலர்ஜி, புழுதி பட்டால் கண்ணைப் போட்டுக் கசக்குவாள். கசக்குவதும் இதற்கு ஒரு காரணம் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து அம்மா அவள் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அவளுக்கு அழுகை வந்தது. எனக்கு அந்த டாக்டர் மேல் மரியாதை வந்தது. ஏனென்றால் அதற்கு முன் நாங்கள் விசாரித்த வேறொரு இடத்தில், ஸ்கேன் எடுப்பதற்கு முன்பே "இன்னிக்கே புக் பண்ணா தள்ளுபடி மேடம்" என்றார்கள். எழுந்து வந்துவிட்டோம்.

எனக்கும் ஒரு தடங்கல் வந்தது. விழித்திரையின் ஓரத்தில் மெலிந்த இடம் இருந்ததால் அதைச் சுற்றி வேறு வகை லேசர் வைத்த பிறகுதான் லேசிக்குக்குத் தேதி கொடுத்தார்கள். பாப்பா விரிக்கும் சொட்டு போட்ட நாளில் துணைக்கு ஆள் கூட்டிப் போங்கள். அந்தக் கண்ணோடு நம் ஊர் மத்தியானத்தில் வண்டி ஓட்ட முடியாது.

அறுவை நடந்த நாளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சொட்டு மருந்தால் மரத்துப்போகும், இமை மூடாமல் கிளிப் வைப்பார்கள், ஃப்ளாப் திறக்கக் கண்ணை அழுத்தும்போது சில நொடி பார்வை இருண்டுவிடும். பயப்பட வேண்டியது இல்லை. லேசர் ஓடுவது சில விநாடிதான், முடி கருகுகிற வாடை வரும். அன்று சாயங்காலம் வரை எரிச்சலும் நீர் வடிதலும். மறுநாள் காலை காலண்டர் தேதி தெரிந்தது.

ஃப்ளாப் இல்லாமல் செய்யும் பிஆர்கே என்ற முறையும் உண்டு. முதல் சில நாள் வலி அதிகம், தெளிவு வரவும் நாளாகும். ஆனால் கருவிழி மெலிந்தவர்களுக்கும், கண்ணில் அடிபட வாய்ப்புள்ள வேலை, விளையாட்டில் இருப்பவர்களுக்கும் அதைச் சொல்வார்கள். லேசிக் ஃப்ளாப் பலமான அடி பட்டால் வருஷங்கள் கழித்தும் நகரக்கூடும். ஸ்மைல் முறையில் சின்னக் கீறல் வழியாக உள்ளிருந்து ஒரு துண்டை எடுக்கிறார்கள். இவை எதற்கும் ஒத்துவராத அதிகப் பவருக்குக் கண்ணுக்குள் லென்ஸ் வைக்கும் வழி இருக்கிறது.

எட்டு வருஷத்தில் என்னை அதிகம் படுத்தியது வறட்சி. கருவிழி நரம்புகள் அறுபடுவதால் கண்ணீர் சுரப்பு குறையும், பெரும்பாலானோருக்கு ஆறு மாதம், ஒரு வருஷத்தில் தேறிவிடும். எனக்கு அப்படியே தேறிவிட்டது என்று சொல்ல முடியாது. ஏசி அறையில் கணக்குப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் மத்தியானத்துக்கு மேல் மணல் விழுந்தது போல உறுத்தும். கத்திரி வெயில் மாதத்தில் இன்னும் மோசம். பிரிசர்வேட்டிவ் இல்லாத கண்ணீர்ச் சொட்டு இப்போதும் என் கைப்பையில் இருக்கிறது. ஏற்கெனவே கண் வறட்சி உள்ளவர்கள் இதை நன்றாக யோசிக்க வேண்டும். ஸ்டீராய்டு சொட்டை மட்டும் டாக்டர் சொன்ன நாளுக்கு மேல் மருந்துக்கடையில் வாங்கிப் போடக் கூடாது, கண் அழுத்தம் ஏறிவிடும்.

பாட்டி தன் பங்குக்கு நந்தியாவட்டைப் பூவைக் கண்ணில் ஒத்தச் சொன்னார். கும்பிட்டு மறுத்துவிட்டேன். தலைக்குக் குளிப்பதையும் எண்ணெய்க் குளியலையும் டாக்டர் சொல்லும் வரை தள்ளிப்போட வேண்டும். சீயக்காய் கண்ணில் விழுந்தால் கை தானாகக் கசக்கப் போகும்.

இரண்டாவது தொல்லை இரவு வெளிச்சம். பள்ளிகொண்டா பக்கம் பெங்களூர் ஹைவேயில் எதிரே வரும் லாரி விளக்கைச் சுற்றி வட்டம் தெரியும். முதல் வருஷம் ராத்திரி வண்டியே எடுக்கவில்லை. இப்போது குறைந்திருக்கிறது, முழுக்கப் போகவில்லை. இரவில் ஓட்டுவதே பிழைப்பாக உள்ளவர்கள் இதைத் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கர்ப்பமாக இருக்கும்போதும் பால் கொடுக்கும்போதும் பவர் மாறலாம், அதனால் அந்தக் காலத்தில் செய்ய மாட்டார்கள். கல்யாணத்துக்கு முன் என்று அவசரப்படுத்துகிற வீடுகளில் யாரும் இதைச் சொல்வதில்லை.

ரயில்வே தேர்வு எழுதுகிற தம்பிமார்களுக்கு ஒன்று. அரக்கோணம், ஜோலார்பேட்டை, காட்பாடி என்று சுற்றிலும் ரயில் ஊர்கள், உதவி லோகோ பைலட் வேலைக்குப் படிக்கிறவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். லேசிக் செய்தவர்களை அந்த வேலைக்கு எடுப்பதில்லை. கண்ணாடி இருந்தால் தேற மாட்டோம் என்று நினைத்து லேசிக் செய்து கொண்டால் அந்தக் கதவும் மூடிவிடும். ராணுவத்துக்கும் போலீசுக்கும் பிரிவுக்குப் பிரிவு விதி மாறும். கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு ராணுவத்தில் இருக்கும் ஊர்ப் பிள்ளைகள் அறிவிப்பில் மருத்துவத் தகுதிப் பகுதியைப் படித்த பிறகு முடிவு செய்யட்டும்.

பணம்: விளம்பரத்தில் இருப்பது ஒரு கண்ணுக்கா இரண்டுக்குமா, பரிசோதனையும் சொட்டு மருந்தும் பிறகு வரும் செக்கப்பும் அதில் சேர்த்தியா என்று கேளுங்கள். மருத்துவக் காப்பீட்டில் 7.5 பவருக்குக் குறைவான பார்வைக் குறைபாட்டுத் திருத்தம் வழக்கமாக விலக்கப்பட்டிருக்கும். எனக்கு ஒரு ரூபாய் வரவில்லை.

நாற்பதை ஒட்டி வெள்ளெழுத்து எல்லாருக்கும் வரும், லேசிக் அதைத் தடுக்காது. கிட்டப்பார்வைக்காரர்கள் அந்த வயதில் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பேப்பர் படிப்பார்கள் அல்லவா, அந்த வசதி எனக்குப் போய்விட்டது. படிக்கத் தனிக் கண்ணாடி வாங்கத்தான் வேண்டும்.

கடைசியாக, அறுவை விவரங்கள் அடங்கிய ஃபைல். கருவிழியைச் செதுக்கிய பிறகு கண் அழுத்தம் பார்த்தால் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும், கண் அழுத்தத்தால் பார்வை நரம்பு கெடும் கிளாகோமா தெரியாமல் போக இடம் உண்டு. பிற்காலத்தில் புரை அறுவையின்போது வைக்க வேண்டிய லென்ஸின் கணக்கும் சிக்கலாகும். அப்போது பழைய பவர், கருவிழி வளைவின் கே அளவு, தடிமன், எவ்வளவு செதுக்கினார்கள் என்ற விவரம் எல்லாம் டாக்டருக்கு உதவும். டிஸ்சார்ஜ் சீட்டோடு இவற்றையும் கேட்டு வாங்குங்கள். முதலில் கொடுக்கத் தயங்குவார்கள், கேட்டால் தருவார்கள். நான் போட்டோ எடுத்துப் போனிலும் வைத்திருக்கிறேன், ஒரு நகல் அம்மா வீட்டுப் பீரோவில் இருக்கிறது.