ரீமார்க்கபிள் 2-க்கு ஒரு சொந்த சர்வர்: ஆர்எம்ஃபேக்கிளவுட்

புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்ப்பது என் வேலை. அச்சேறாத பிரதிகள் பிடிஎஃப்-ஆக வரும். காகிதம் போன்ற திரையில் பேனாவால் எழுதும் ரீமார்க்கபிள் 2 டேப்லெட்டில் ஏற்றித் திருத்துவேன். அதில் உள்ளவற்றை அந்த நிறுவனத்தின் கிளவுட் தன் சர்வரில் சேர்த்து வைக்கும். ஒருவர் என்னை நம்பிக் கொடுத்த பிரதி, எங்கே இருக்கிறதென்று எனக்கே தெரியாத ஒரு சர்வரில் கிடப்பதில் எனக்குச் சம்மதமில்லை. அந்த கிளவுடுக்குப் பதிலாக நம் வீட்டிலேயே ஓட்டக்கூடிய ஆர்எம்ஃபேக்கிளவுட் என்ற மென்பொருள் பக்கம் நான் வந்தது அதனால்தான். இப்போது என் அன்றாட வேலை முழுக்க அதன் வழியாகவே நடக்கிறது.

முதலில் சாதனத்தைப் பற்றிக் கொஞ்சம். உள்ளே ஓடுவது லினக்ஸ். முழு அதிகாரத்தோடு உள்ளே நுழைய உதவும் ரூட் கடவுச்சொல்லை டேப்லெட்டே காட்டிவிடும்: செட்டிங்ஸில் உதவிப் பகுதிக்குப் போய், காப்புரிமையும் உரிமங்களும் உள்ள பக்கத்தைத் திறந்தால், ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தின் அறிவிப்போடு சேர்ந்து இருக்கும். யுஎஸ்பி கேபிளைச் செருகி, கணினியிலிருந்து 10.11.99.1 என்ற முகவரிக்கு எஸ்எஸ்எச் (இன்னொரு சாதனத்துக்குள் கட்டளை வழியாக நுழையும் முறை) செய்தால் உள்ளே போய்விடலாம். அதே நிறுவனத்திடமிருந்து 2024-இல் வந்த பேப்பர் ப்ரோவில் இது இவ்வளவு சுலபமில்லை. அதில் டெவலப்பர் மோடை இயக்க வேண்டும். இயக்கினால் அதுவரை சாதனத்தில் இருந்ததெல்லாம் அழிந்துவிடும். பேப்பர் ப்ரோ வாங்குகிறவர்கள் ஒரு வரி எழுதுவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள்.

உள்ளே நுழைந்ததும் பார்க்க வேண்டியது, ஷோசிட்ல் என்ற ஃபோல்டர். நாம் எழுதுவதெல்லாம் அதில்தான் சேர்கிறது. ஆனால் 'மூன்றாம் மெய்ப்பு' என்ற பெயரில் எந்தக் கோப்பும் இருக்காது. ஒவ்வொரு ஆவணத்துக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான அடையாளம் ஒன்று உண்டு; நாம் வைத்த பெயர் அதே அடையாளம் கொண்ட மெட்டாடேட்டா கோப்புக்குள் தனியாக இருக்கும். எந்த ஃபோல்டருக்குள் இருக்கிறது என்பதும் அதே கோப்பில் ஒரு வரிதான். பேனா கோடுகள் பக்கத்துக்கு ஒன்றாகத் தனிக் கோப்புகளில் இருக்கும். அவை படங்கள் அல்ல. கோட்டின் ஒவ்வொரு புள்ளிக்கும் அது விழுந்த இடம், பேனா போன வேகம், கொடுத்த அழுத்தம் என்று எல்லாம் பதிவாகிறது. நான் சுழித்து எழுதிய ஒரு நீக்கற்குறியைப் பிரித்துப் பார்த்தபோது, கை எங்கே தயங்கியது என்பதுகூடத் தெரிந்தது. இத்தனை நுணுக்கமான ஒன்று நம் கையிலேயே இருக்க வேண்டும் என்று கேட்பது நியாயம்தானே?

சரி, ஆர்எம்ஃபேக்கிளவுடுக்கு வருவோம். கோ மொழியில் எழுதப்பட்ட சிறிய சர்வர் இது. மென்பொருள்களைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்டும் டாக்கரில் ஒற்றை கன்டெய்னராக ஓடும். ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினி போதும். டேப்லெட்டுக்குள் ஒரு ஸ்கிரிப்டை ஓட்ட வேண்டும். அது நம் சர்வரை டேப்லெட் நம்புவதற்கான ஒரு சான்றிதழையும், இடையில் நின்று இணைப்பைக் கடத்தும் சின்ன ப்ராக்சியையும் நிறுவி, நிறுவனத்தின் கிளவுடுக்குப் போகிற இணைப்பை நம் சர்வருக்குத் திருப்பிவிடும். அப்புறம் பிரவுசரில் ஒரு குறியீட்டை வாங்கி டேப்லெட்டில் தட்டினால் இணைப்பு முடிந்தது. அமைப்பில் கவனம் வேண்டிய இடம் ஸ்டோரேஜ் முகவரி. டேப்லெட் எந்த முகவரியில் சர்வரை எட்டுமோ அதையே கொடுக்க வேண்டும். கணினியில் லோக்கல்ஹோஸ்ட் (அந்தக் கணினி தன்னையே குறிக்கும் பெயர்) என்று திறக்கிறதே என்று அதையே எழுதினால் கோப்புகள் நகராது.

பிரவுசரில் பிடிஎஃப்-ஐ இழுத்துப் போட்டால் சிறிது நேரத்தில் டேப்லெட்டில் வந்து நிற்கிறது. டேப்லெட்டிலிருந்து மின்னஞ்சல் அனுப்புவதையும் சொந்த எஸ்எம்டிபி (மின்னஞ்சல் அனுப்பும் சர்வர்) வழியாகவே அமைத்துக்கொள்ளலாம். சர்வரை நான் வெளி இணையத்துக்குத் திறந்து வைக்கவில்லை. வெளியில் இருக்கும்போது எழுதியது, வீட்டு வைஃபைக்குத் திரும்பியதும் தானாகப் போய்ச் சேர்ந்துகொள்கிறது.

கையெழுத்தை அச்செழுத்தாக மாற்றும் வசதி மட்டும் வேறு கதை. அதற்குக் கையெழுத்தைப் படித்துத் தரும் மைஸ்கிரிப்ட் சேவையின் அனுமதிச் சாவியைக் கொடுக்க வேண்டும், நம் கோடுகள் அவர்களுடைய சர்வருக்குப் போகும். சொந்த சர்வர் வைத்த நோக்கமே அங்கே போய்விடுகிறது. நான் அதை அணைத்தே வைத்திருக்கிறேன். திருத்திய பிரதியை பிடிஎஃப்-ஆக எடுக்க கேபிளில் இணைத்து பிரவுசரில் கோப்புகளை எடுக்கும் டேப்லெட்டின் யுஎஸ்பி வெப் வசதியையே பயன்படுத்துகிறேன். கோடுகளை வரைந்து கொடுப்பது டேப்லெட்டே என்பதால் திரையில் பார்த்தது அப்படியே வருகிறது.

படிப்பதற்குக் கேஓரீடர் என்ற மின்னூல் வாசிப்புச் செயலியை டேப்லெட்டில் வைத்திருக்கிறேன். அதன் ஃபான்ட் ஃபோல்டரில் பிடித்த தமிழ் எழுத்துருவைப் போட்டால் இபப் வடிவ மின்னூல்கள் கூட்டெழுத்து சிதையாமல் வரும். இதற்காகவே அதை நிறுவலாம். ரீமார்க்கபிளுக்கான செயலிகளைத் தரும் டோல்டெக் என்ற தொகுப்பின் வழியாக நிறுவுகிறவர்கள், தங்கள் சாதனத்தில் உள்ள மென்பொருள் பதிப்பை அது ஆதரிக்கிறதா என்று பார்த்த பிறகே கை வைக்க வேண்டும்.

வேறு சாதனம் யோசிப்பவர்களுக்கும் வழி இருக்கிறது. இதேபோல் பேனாவால் எழுதும் சூப்பர்நோட் டேப்லெட்டைத் தயாரிக்கும் நிறுவனமே சொந்த சர்வரில் நிறுவிக்கொள்ளும் கிளவுட் மென்பொருளைத் தருகிறது. ப்ராக்சி, சான்றிதழ் என்று மெனக்கெட விரும்பாதவர்களுக்கு அது நல்லது. பைன்நோட் முழுக்க லினக்ஸ் டேப்லெட். நோண்டிப் பார்க்கும் ஆர்வம் உள்ளவர்களுக்கானது.

ஆர்எம்ஃபேக்கிளவுடின் உண்மையான தொல்லை, டேப்லெட்டின் சிஸ்டம் அப்டேட். புதிய பதிப்பு இன்னொரு பார்ட்டிஷனில் (சேமிப்பகத்தின் தனிப் பகுதி) எழுதப்பட்டு, சாதனம் அதிலிருந்து எழும். ஹோம் ஃபோல்டரில் உள்ள நம் எழுத்துகளுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் சிஸ்டத்தில் செய்த மாற்றம் போய்விடும். ஸ்கிரிப்டை மறுபடி ஓட்ட வேண்டும். டேப்லெட் மென்பொருளின் பதிப்பு 3 வந்தபோது கோடுகளின் கோப்பு வடிவமே மாறி, பழைய வடிவத்தை நம்பி எழுதிய கருவிகளால் படிக்க முடியாமல் போனது. அப்புறம் ஆர்எம்சீன் என்ற பைத்தான் நூலகம் வந்து புதிய வடிவத்தைப் படிக்க வழி செய்தது. ஆகவே தானியங்கி அப்டேட்டை அணைத்துவிடுங்கள். புதுப் பதிப்பு வந்தால், ஆர்எம்ஃபேக்கிளவுட் அதோடு ஒத்துப்போகிறது என்று தெரிந்த பிறகு, ஷோசிட்ல் ஃபோல்டரை முழுதாக ஒரு பிரதி எடுத்துக்கொண்டு அப்டேட் பொத்தானை அழுத்துங்கள்.