சேலத்துத் தோட்டப் புத்தகம்: ஆஃப்செட்டா, பிஓடியா, கிண்டிலா, பிடிஎஃப்பா?

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். ஆனால் கீழே 300 மீட்டர்கூட இல்லாத உயரம், மேலே 1,500 மீட்டர். கேரட், பீன்ஸ் விதைக்கும் பட்டம் (பருவம்) இரண்டு இடத்துக்கும் ஒன்றாக இருக்க முடியாது. தமிழ்நாடு முழுவதற்குமாக எழுதும் புத்தகத்தில் இதற்கெல்லாம் இடம் கொடுப்பது கஷ்டம். சேலத்துக்கென்றே தனியாக ஒரு தோட்டப் புத்தகம் வேண்டும் என்பது என் கட்சி. அதை வாங்கப் போகிறவர்கள் சில நூறு பேர். எனவே பெரிய பதிப்பகத்துக்குக் கட்டுப்படியாகாது. சின்னப் பதிப்பகமோ எழுதியவரோதான் போட வேண்டும். எந்த வழியில் போடுவது?

ஆஃப்செட்டில், அதாவது பிளேட் செய்து மொத்தமாக அச்சடிக்கும் முறையில், நிறம் அருமையாக வரும், அதில் சந்தேகமில்லை. ஆனால் வண்ணப் பக்கத்துக்கு நான்கு பிளேட் வேண்டும். நூறு பிரதி அடித்தாலும் ஆயிரம் அடித்தாலும் பிளேட் செலவும் மெஷின் செட்டிங் செலவும் ஒன்றுதான். ஐந்நூறுக்குக் கீழே இறங்கினால் பிரதிக்கு அடக்கவிலை எகிறிவிடும். சரி, ஆயிரமாகவே அடித்துவிடலாம் என்றால் வேறொரு சிக்கல். தோட்டப் புத்தகம் ஒரு வருஷமாவது வாசகர் கையில் உழன்று திருந்த வேண்டிய புத்தகம். ஆடிப்பட்டத்தில் விதைத்த கொண்டலாம்பட்டிக்காரர் ஐப்பசியில் போன் செய்து, "அண்ணா, எங்க பக்கம் வெயில் தணியவே புரட்டாசி ஆயிடுது, நீங்க போட்ட தேதி ஒத்துவரலை" என்பார். அவர் சொல்வது சரியாகவே இருக்கும். திருத்தலாம் என்றால் வீட்டில் எண்ணூறு பிரதி அடுக்கியிருக்கும்.

அதனால்தான் முதல் பதிப்புக்கு பிஓடி (பிரிண்ட் ஆன் டிமாண்ட், தேவைப்படும்போது தேவையான அளவு அச்சடிப்பது) என்கிறேன். ஐம்பது, நூறு என்று டிஜிட்டலில் அடிக்கலாம். அடுத்த நூறில் விதைப்பு அட்டவணையை மாற்றிக்கொள்ளலாம். பிரதிக்கு விலை கூடுதல்தான், வண்ணப் பக்கம் என்றால் இன்னும் கூடும். உள்பக்கமெல்லாம் கறுப்பு வெள்ளை, நோய், பூச்சிப் படங்களுக்கு மட்டும் 16 பக்கம் வண்ணம் என்று வைத்தால் சமாளிக்கலாம்.

அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் அச்சுச் செலவே இல்லை என்பது உண்மை. ஆனால் படமுள்ள புத்தகத்துக்குக் கணக்கு வேறு. இந்திய விற்பனைக்கு 70 சதவீத ராயல்டி வேண்டுமென்றால் கேடிபி (எழுதியவரே மின்னூல் போட அமேசான் தரும் சேவை) வைத்திருக்கும் செலக்ட் திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால், 90 நாள் தவணை முடியும்வரை அந்த மின்னூலை வேறெங்கும் விற்கக் கூடாது. உங்கள் சொந்த பிடிஎஃப்பும் இதில் அடக்கம். அப்புறம் கோப்பின் எடைக்கு எம்பிக்கு 7 ரூபாய் கழிப்பார்கள். 150 ரூபாய்ப் புத்தகம் 10 எம்பி இருந்தால் 70 ரூபாய் கழியும். மிச்சம் 80-இல் 70 சதவீதம் 56 ரூபாய். 35 சதவீதத் திட்டத்தில் இந்தக் கழிவு இல்லாமலே 52.50 வருகிறது, வேறு இடத்தில் விற்கவும் தடையில்லை (வரியை இங்கே சேர்க்கவில்லை). மூன்றரை ரூபாய்க்காக நம் கையை நாமே கட்டிக்கொள்ள வேண்டுமா?

அதைவிடப் பெரிய குறை நிறம். நைட்ரஜன் குறைந்தால் அடி இலை முதலில் வெளுத்து மஞ்சளாகும். இரும்புச்சத்து குறைந்தால் குருத்திலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். கறுப்பு வெள்ளைக் கிண்டில் கருவியில் அந்த மஞ்சளும் பச்சையும் வெறும் சாம்பல் நிறம்தான். போன் செயலியில் நிறம் வரும். ஆனால் எழுத்தைப் பெரிதாக்கினால் பன்னிரண்டு மாத அட்டவணை கலைந்துபோகும்.

பிடிஎஃப்பில் அட்டவணை கலையாது. படத்தைப் பெரிதாக்கி இலையடியில் இருக்கும் செம்பேனைக்கூடக் காட்டலாம். வாட்ஸப்பில் ஒருவர் வாங்கி நாற்பது பேருக்கு அனுப்புவார், அதைத் தடுக்க முடியாது. எனவே முழுப் புத்தகத்தையும் பிடிஎஃப்பாக விற்காமல், நோய்ப் படத் தொகுப்பை மட்டும் இலவசமாக விட்டு, அச்சுப் புத்தகத்தில் அதற்கு க்யூஆர் கோடு போடுவதே நல்லது. பரவப் பரவ புத்தகத்துக்கும் விளம்பரம்.

ஆக, முதல் வருஷம் பிஓடியும் இலவசப் படத் தொகுப்பும். திருத்தங்கள் ஓய்ந்து, சேலம் புத்தகத் திருவிழாவில் கேட்டு வாங்க ஆள் வந்தால் இரண்டாம் பதிப்பை ஆஃப்செட்டுக்குக் கொண்டுபோகலாம். அப்போது தையல் பைண்டிங் போடச் சொல்லுங்கள். வெறும் பசை ஒட்டின புத்தகம் தொட்டிப் பக்கத்தில் விரித்து வைத்தால் மூடிக்கொள்ளும். மண் கையோடு அதைப் பிடித்துக்கொண்டிருக்க முடியாது. ஸ்பைரல் இன்னும் வசதி, ஆனால் தலைப்பு அச்சிட முதுகு இல்லாததால் கடை அலமாரியில் காணாமல் போகும்.

புத்தகத்துக்கான அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் இந்தியாவில் இலவசம். முதல் பதிப்புக்கே வாங்கிவிடுங்கள். வெளியூருக்கு அனுப்ப, அஞ்சல் துறை 2025 மே மாதம் தொடங்கிய ஞான் போஸ்ட் என்ற புத்தக அஞ்சல் சேவை இருக்கிறது. தொடங்கியபோது 300 கிராம் வரை 20 ரூபாய். உங்கள் புத்தகம் அந்தச் சேவையில் சேருமா என்று அஞ்சலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிட்டு, தாளின் கனத்தை அதற்குத் தக்கபடி முடிவு செய்யுங்கள்.