வீட்டுக் கணினியில் ஒன்பது ஆண்டு இசைப்பதிவு: கோளாறுகள் எங்கிருந்து வருகின்றன?

குரலையும் புல்லாங்குழலையும் வீட்டுக் கணினியில் பதிவு செய்யத் தொடங்கி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. இதற்குள் இரண்டு கணினிகள், இரண்டு ஆடியோ இன்டர்ஃபேஸ்கள் (மைக்கின் ஒலியை எண்களாக மாற்றிக் கணினிக்குக் கொடுக்கும் பெட்டிகள்), மூன்று பதிவு மென்பொருள்கள் ஆகியவற்றுடன் பழகியிருக்கிறேன். கோளாறு வரும்போதெல்லாம் அது எந்தச் சூழலில் வந்தது, எதை மாற்றியதும் நின்றது என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கும் பழக்கம் இரண்டாம் ஆண்டிலேயே வந்துவிட்டது. அந்த நோட்டை இப்போது புரட்டும்போது தெளிவாகத் தெரிவது ஒன்றுதான்: பதிவு மென்பொருளின் மேல் நான் சுமத்திய குற்றங்களில் பெரும்பாலானவை அதனுடையவை அல்ல. மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் வைத்தியம். எனக்கு அது பலித்தது இரண்டே முறை.

ஒலி மைக்கில் தொடங்கி, கேபிள் வழியாக இன்டர்ஃபேஸுக்குப் போய், அங்கே எண்களாக மாறி, யூஎஸ்பி, டிரைவர் (கருவியைக் கணினியோடு பேசவைக்கும் சிறு நிரல்), இயங்குதளம் ஆகியவற்றைக் கடந்த பிறகுதான் மென்பொருளின் ட்ராக்கை, அதாவது ஒரு குரலோ கருவியோ பதியும் தனி வரிசையை, அடைகிறது. ஆகவே பதிவே ஆகவில்லை என்றால், ஒலி எந்த இடம் வரை வந்தது என்பதை முதலில் பார்க்கிறேன். இன்டர்ஃபேஸில் உள்ள விளக்கு மைக்கில் பேசும்போது மினுக்குகிறதா, ட்ராக்கின் மீட்டர் அசைகிறதா, எல்லா ட்ராக்குகளும் கலந்து வெளியேறும் மாஸ்டரின் மீட்டர் அசைகிறதா என்று மூன்று இடங்களைப் பார்த்தாலே தேட வேண்டிய பரப்பு மிகவும் சுருங்கிவிடும். இன்டர்ஃபேஸில் விளக்கே எரியாவிட்டால் கேபிள், கெயின் (உள்ளீட்டைப் பெருக்கும் அளவு), கண்டென்சர் மைக்குக்கு வேண்டிய 48 வோல்ட் ஃபாண்டம் பவர் ஆகியவற்றோடு விஷயம் முடிந்துவிடும். விளக்கு எரிந்தும் ட்ராக் அசையாவிட்டால், ட்ராக்கில் தேர்ந்தெடுத்த உள்ளீடு தவறாக இருக்கலாம், அல்லது மைக்கைப் பயன்படுத்த இயங்குதளம் அனுமதி கொடுக்காமல் இருக்கலாம். மேக் கணினிகளில் 2018-இல் வந்த மொஹாவி பதிப்பிலிருந்து இந்த அனுமதி ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனித்தனியாகக் கேட்கப்படுகிறது. விண்டோஸ் 10-இலும் 11-இலும் தனியுரிமை அமைப்புகளுக்குள் இதே போன்ற ஓர் இடம் இருக்கிறது. ஏதோ அவசரத்தில் ஒருமுறை மறுத்துவிட்டால், மென்பொருள் எந்தப் புகாரும் சொல்லாமல் வெறும் மௌனத்தைப் பதிவு செய்துகொண்டே போகக்கூடும். இருபது நிமிடம் வாசித்து முடித்து நிமிர்ந்து பார்த்தபோது, திரையில் நூல் பிடித்தாற்போல் ஒரு நேர்கோடு மட்டும் ஓடியிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அன்றிலிருந்து பத்து விநாடி பதிவு செய்து, அதைப் போட்டுக் கேட்காமல் எந்த அமர்வையும் தொடங்குவதில்லை.

நோட்டில் அதிகப் பக்கங்களைப் பிடித்திருப்பவை வெடிப்புச் சத்தமும், வாசித்தது ஹெட்ஃபோனில் பிந்திக் கேட்கும் தாமதமும்தான். இரண்டுக்கும் பின்னால் இருப்பது பஃபர், அதாவது கணினி ஒரு தடவைக்குச் சேர்த்து வைத்துக் கையாளும் ஒலித் துண்டு. நொடிக்கு 48,000 சாம்பிள் (ஒலியை அளந்தெடுத்த எண்) என்ற வேகத்தில், பஃபரை 128 சாம்பிள் என்று வைத்தால் கணினி ஏறக்குறைய 2.7 மில்லி விநாடிக்கு ஒருமுறை வேலையை முடித்துக் கொடுத்தாக வேண்டும். 1024 என்று வைத்தால் அதற்கு 21 மில்லி விநாடி அவகாசம் கிடைக்கும். கெடு தவறும் ஒவ்வொரு முறையும் ‘டிக்’ என்று ஒரு வெட்டு விழுகிறது. பிராசஸரின் சுமை முப்பது சதவீதம் என்று திரை காட்டும்போதும் இந்த வெட்டுகள் விழுவதைக் கண்டு நான் வெகுகாலம் குழம்பினேன். அந்தச் சதவீதம் சராசரிக் கணக்கு. ஆனால் ஒலிக்கு வேண்டியதோ ஒவ்வொரு கெடுவிலும் தவறாமை. வேறு ஏதோ ஒரு டிரைவர் நான்கு மில்லி விநாடி மட்டும் பிராசஸரைத் தன் கையில் வைத்துக்கொண்டாலும், சராசரியில் அது தெரியவே தெரியாது, பதிவில் மட்டும் கேட்கும். என் பழைய மடிக்கணினியில் அப்படிக் குறுக்கே நின்றது வைஃபை டிரைவர். விண்டோஸில் எந்த டிரைவர் இப்படி நேரத்தைப் பிடித்து வைக்கிறது என்று காட்டுவதற்கு லேட்டன்சிமான் என்ற சிறு கருவி இருக்கிறது. அதைப் பத்து நிமிடம் ஓடவிட்டதில் காரணம் பெயரோடு வந்து நின்றது. வைஃபையை அணைத்தேன், வெடிப்பு நின்றது. அதற்கு முன் அதே கோளாறுக்காக மென்பொருளையே மாற்றிவிட்டேன் என்பதை நினைத்தால் இப்போதும் வருத்தமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் முந்தைய மென்பொருள் என் கைக்கு நன்றாகப் படிந்திருந்தது.

மின்சேமிப்பு அமைப்பும், பல கருவிகள் தொங்கும் யூஎஸ்பி ஹப்பும் இதே வேலையைச் செய்யும். இன்டர்ஃபேஸை நேராகக் கணினியின் போர்ட்டில் செருகுவதும், யூஎஸ்பி கருவிகளைத் தூங்கவைக்கும் அமைப்பை நிறுத்துவதும் எந்தக் கணினியிலும் செய்யத்தக்கவை.

தாமதம் வேறு வகைத் தொல்லை. ஒலி காற்றில் நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் செல்கிறது. ஆகவே 3 மில்லி விநாடித் தாமதம் என்பது ஒரு மீட்டர் தள்ளி நிற்கும் ஒருவரின் வாசிப்பைக் கேட்பதற்குச் சமம். கருவி வாசிப்பவர் பலருக்கு 10 மில்லி விநாடி வரை தொந்தரவாகத் தெரியாது. பாடுகிறவருக்கு அப்படி அல்ல. தம் குரலை எலும்பின் வழியாக உடனேயும், ஹெட்ஃபோன் வழியாகச் சற்றுப் பின்னாலும் கேட்பதால், அந்த இரண்டும் கலந்து குரல் குழாய்க்குள்ளிருந்து வருவது போல் ஆகிவிடும். சுருதி பிடிப்பதே சிரமமாகும். பஃபரைக் குறைத்துக்கொண்டே போவதைவிட, ஒலியைக் கணினிக்குள் போய்வரவிடாமல் நேராக ஹெட்ஃபோனுக்கு அனுப்பும், இன்டர்ஃபேஸிலேயே இருக்கும் நேரடிக் கேட்பு வசதியைப் பயன்படுத்துவது எவ்வளவோ மேல் என்பது என் முடிவு. அப்படிச் செய்யும்போது மென்பொருளில் உள்ள மானிட்டர் பொத்தானை அணைக்க மறந்தால் குரல் இரட்டையாகக் கேட்கும், அதை எதிரொலி என்று நினைத்து அறையில் துணி தொங்கவிடுபவர்களும் உண்டு. புளூடூத் ஹெட்ஃபோனைப் பதிவின்போது அறவே தவிர்க்க வேண்டும். அதன் தாமதம் பெரும்பாலும் 100 மில்லி விநாடியைத் தாண்டும். எந்த அமைப்பாலும் அதை நேரில் பாடும் அளவுக்குக் குறைக்க முடியாது.

பஃபர் 64-இல் இருந்தும் தாமதம் குறையாத ஒரு சந்தர்ப்பம் என்னை இரண்டு நாள் அலைக்கழித்தது. கடைசியில் காரணம் மாஸ்டரில் நான் மறந்து விட்டிருந்த ஒரு லிமிட்டர், அதாவது ஒலியின் உச்சங்களை அடக்கும் பிளகின் (மென்பொருளோடு சேர்த்துக்கொள்ளும் துணை நிரல்). வரப்போகும் ஒலியை முன்கூட்டியே பார்த்து அடக்கும் வகைப் பிளகின்களும், ஒலியின் கனத்தையும் கூர்மையையும் சரிசெய்யும் ஈக்யூக்களில் லீனியர் ஃபேஸ் என்ற வகையும் ஒலியைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்துத்தான் வேலை செய்கின்றன. அவற்றின் தாமதத்துக்கு ஏற்ப மற்ற ட்ராக்குகளையும் மென்பொருள் பின்னுக்குத் தள்ளுகிறது. பதிவு முடியும் வரை மாஸ்டரைக் காலியாக வைப்பதே நல்லது.

விண்டோஸில் டிரைவரின் பங்கு தனியே சொல்லத்தக்கது. ஏசியோ என்ற டிரைவர் முறையை ஸ்டெயின்பெர்க் நிறுவனம் 1997-இல் கொண்டுவந்தது. இயங்குதளத்தின் பொது மிக்ஸரைத் தொடாமல் மென்பொருளும் கருவியும் நேரடியாகப் பேசிக்கொள்வதற்காகவே அது உருவானது. இன்டர்ஃபேஸ் தயாரிப்பாளர் தம் கருவிக்கென ஏசியோ டிரைவர் கொடுத்திருந்தால் அதைத்தான் நிறுவ வேண்டும். எல்லாவற்றுக்கும் பொதுவான ஏசியோ4ஆல், சாதாரண விண்டோஸ் டிரைவரின் மேல் போர்த்திய ஓர் உறை. கணினியோடு வந்த சவுண்ட் கார்டை மட்டும் வைத்திருப்பவருக்கு அது உதவும். சொந்த டிரைவர் உள்ள கருவிக்கு அதைப் போடுவதில் லாபம் இல்லை. மேக்கில் கோர் ஆடியோ உள்ளேயே இருப்பதால் இந்தக் குழப்பம் குறைவு.

சாம்பிள் ரேட், அதாவது நொடிக்கு எத்தனை சாம்பிள் என்ற வேகம், பற்றி எச்சரிக்காமல் இருக்க முடியாது. ஒருநாள் பதிவின் நடுவே காணொளி அழைப்பு ஒன்றை ஏற்றுப் பேசிவிட்டு வந்து, முன்பு பதிந்த பக்க வாத்தியத்தை ஓட்டினால், என் குழலோடு அது சேரவே இல்லை. குழலின் சுருதி நினைத்தபடி ஏறி இறங்கக்கூடியது அல்ல என்பதால், மாறியது பதிவுதான் என்பது உடனே தெரிந்தது. நடந்தது இதுதான்: ப்ராஜெக்ட் (ஒரு பாட்டுக்கான வேலைக் கோப்பு) 44,100-இல் இருந்தது, அழைப்பு மென்பொருள் கருவியை 48,000-க்கு மாற்றிவிட்டுப் போயிருந்தது, பதிவு மென்பொருளுக்கு அந்த மாற்றம் தெரியவில்லை. 44,100-இல் பதிந்ததை 48,000 வேகத்தில் ஓட்டினால் ஏறக்குறைய ஒன்றரை அரைச்சுரம், அதாவது முக்கால் கட்டை அளவுக்குச் சுருதி ஏறிவிடும்; நான்கு நிமிடப் பாட்டு மூன்று நிமிடம் நாற்பது விநாடியில் முடிந்துவிடும். இந்தத் தவறான வேகத்தில் புதிதாகப் பதிந்துவிட்டால் நிலைமை இன்னும் சிக்கலாகும். இன்டர்ஃபேஸின் கட்டுப்பாட்டுப் பலகை, இயங்குதளத்தின் ஒலி அமைப்பு, ப்ராஜெக்ட் ஆகிய மூன்றிலும் ஒரே எண் இருக்கிறதா என்று பார்த்த பிறகே இப்போது பதிவுப் பொத்தானைத் தொடுகிறேன். வேறு ஒலி மென்பொருள்களை அதற்கு முன்பே மூடிவிடுகிறேன்.

இரண்டு கருவிகளை ஒரே நேரத்தில் வைத்துப் பதிவதிலும் இதன் உறவுக்காரச் சிக்கல் ஒன்று உண்டு. யூஎஸ்பி மைக் ஒன்றையும் இன்டர்ஃபேஸ் ஒன்றையும் சேர்த்துப் பதிந்தால், இரண்டும் 48,000 என்றே சொன்னாலும், இரண்டிலும் உள்ள கடிகாரப் படிகங்கள் துளி வித்தியாசத்தில் ஓடுகின்றன. பத்து லட்சத்தில் ஐம்பது பங்கு வித்தியாசம் என்றால் நிமிடத்துக்கு 3 மில்லி விநாடி. நாற்பது நிமிடத்தில் 120 மில்லி விநாடி, தாளம் தெளிவாகப் பிசகும். மேக்கில் இரண்டு கருவிகளையும் ஒன்றாக இணைத்து விலகலைத் திருத்தும் வசதி இருக்கிறது. அது இல்லாத இடத்தில் தொடக்கத்தில் ஒரு கைதட்டல், முடிவில் ஒரு கைதட்டல் பதிந்து வைத்துப் பின்னால் இழுத்துப் பொருத்துகிறேன். முடிந்தால் எல்லா மைக்குகளையும் ஒரே இன்டர்ஃபேஸில் செருகுவதே சரியான வழி.

என்னை மிகவும் வருத்திய கோளாறு ஒன்று இருக்கிறது. புதுக் கணினி வாங்கிய மாதம், குழலில் நீண்ட கார்வை கொடுக்கும்போதெல்லாம், தொடக்கம் நன்றாக விழுந்து, இரண்டு விநாடிக்குள் ஒலி மெல்லத் தேய்ந்து காணாமல் போனது. திரையில் அலைவடிவம் தடித்துத் தொடங்கி எலிவால் போல் முடிந்தது. மூச்சுப் போதவில்லை என்று நினைத்து ஒரு வாரம் மூச்சுப் பயிற்சி செய்தேன். பிறகு ஒரே சுருதியில் ஒலிக்கும் சுருதிப் பெட்டியை மைக்கின் முன் வைத்துப் பதிந்தபோது, அதுவும் அதே இடத்தில் தேய்ந்தது. பெட்டிக்கு மூச்சு வாங்காது. அழைப்புகளில் பேச்சு தெளிவாகக் கேட்பதற்காகக் கணினியில் வைத்திருந்த இரைச்சல் நீக்கிதான் காரணம். மாறாமல் நீடிக்கும் ஒலி எதுவானாலும் அதை மின்விசிறியின் இரைச்சல் என்று அந்த நிரல் கணிக்கிறது. பேச்சுக்கு அது நல்லது, இசைக்கு நஞ்சு. மைக்கின் பண்புகளில் ஒலி மேம்பாடு என்று இருப்பதை எல்லாம் அணைக்க வேண்டும். பல மடிக்கணினிகளில் தயாரிப்பாளர் தனியாக ஒரு ஒலிச் செயலியும் வைத்திருப்பார்கள், அதையும் திறந்து பார்க்க வேண்டும்.

ஒலி அளவு மீறி உடைவதைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ப்ராஜெக்ட் 32 பிட் ஃப்ளோட் என்ற, மிகப் பெரிய அளவுகளையும் தாங்கும் எண் முறையில் இருப்பதால் எவ்வளவு சத்தமாகப் பதிந்தாலும் பிறகு குறைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். சாதாரண இன்டர்ஃபேஸில் உடைவது எண்ணாக மாறும் இடத்திலேயே; அதன் பிறகு ஃபேடரைக் குறைத்தால் உடைந்த ஒலி சின்னதாகக் கேட்குமே தவிரச் சேராது. 24 பிட் பதிவில் மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் கோட்பாட்டளவில் 144 டெசிபல் இடைவெளி இருக்கும்போது, உச்சங்களை மேல் எல்லைக்கு 12 டெசிபல் கீழே வைத்துப் பதிவதால் இழப்பு எதுவும் இல்லை.

திறக்கும்போதே மென்பொருள் முடங்கினால் பெரும்பாலும் பிளகின்தான். பிளகின் கோப்புறையில் பாதியை வேறிடத்துக்கு நகர்த்தித் திறந்து பார்த்து, பிறகு அதிலும் பாதி என்று குறைத்துக்கொண்டு போனால் குற்றவாளி விரைவில் அகப்படும்.

சேமிப்பில் இரண்டு விஷயங்கள். ப்ராஜெக்ட் கோப்புக்குள் பெரும்பாலும் ஒலி இருக்காது, ஒலி இருக்கும் இடத்தின் முகவரி மட்டுமே இருக்கும். ஆகவே அதை மட்டும் நகலெடுத்து வைத்துவிட்டுப் பழைய கணினியை அழித்தால் திரும்பக் கிடைப்பது வெறும் கட்டங்கள். மற்றொன்று நீண்ட பதிவுகளுக்கு உரியது. வழக்கமான வேவ் கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. 48,000 வேகத்தில் 24 பிட் ஸ்டீரியோவாகப் பதிந்தால் அது நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஃபேட்32 முறையில் அமைத்த வெளி டிஸ்கிலும் இதே வரம்பு உண்டு.

இந்த ஒன்பது ஆண்டுகளில் மூன்று மென்பொருள்களுள் ஒன்றோடு நான் நின்றுவிட்டதற்குக் காரணம் அதன் கருவிகளோ ஒலித் தரமோ அல்ல. எந்தக் கருவி, எந்த வேகம், எத்தனை சாம்பிள் பஃபர் என்று அது திரையின் மேல் வரியில் எப்போதும் காட்டிக்கொண்டிருக்கிறது. கெடு தவறிய இடத்தில் தானாகவே ஒரு குறி வைக்கிறது. மற்ற இரண்டிலும் அதே தகவலுக்கு நான்கு சன்னல் திறக்க வேண்டியிருந்தது. வாங்குவதற்கு முன் ஒருவர் பார்க்க வேண்டியது இதைத்தான் என்று உறுதியாகச் சொல்வேன்.

இப்போது நோட்டில் முடியாமல் இருப்பது உறுமல் ஒன்றுதான். சார்ஜரைப் பிடுங்கினால் அது அடியோடு மறைகிறது, ஆகவே பெரும்பாலும் தரை இணைப்பில் சுழலும் மின்னோட்டம்தான் காரணமாக இருக்க வேண்டும். ஆனால் பேட்டரியில் ஓடினால் கணினி தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ள, பழைய வெடிப்பு திரும்பி வருகிறது. பேட்டரியிலும் முழு வேகத்தில் ஓடும்படி அமைத்து, பஃபரை 256-க்கு உயர்த்தி, நேரடிக் கேட்பில் வாசித்து, சார்ஜ் பாதியாக இறங்குவதற்குள் குழல் பகுதிகளை முடித்துக்கொள்கிறேன். குரலுக்கு இரண்டாம் அமர்வு, மறுபடி சார்ஜ் ஏறிய பிறகு.