செம்மணலில் செயின் ஸ்பிரே: வாடகை குவாடுகளோடு சில சீசன்கள்

மணலில் ஓட்டும் நாலு சக்கர குவாடுக்கு எந்தச் செயின் ஸ்பிரே நல்லது என்று யாராவது கேட்டால், நான் ஒரு கேள்வியைத்தான் திருப்பிக் கேட்பேன்: உங்கள் செயினில் ஓ-ரிங் (மூட்டுகளை மூடும் ரப்பர் வளையம்) உண்டா, இல்லையா? சிலர் உடனே குனிந்து பார்ப்பார்கள். பலர், "அதெல்லாம் தெரியாதுண்ணே, நல்ல ஸ்பிரே ஒண்ணு பேர் சொல்லுங்க, வாங்கிக்கிறேன்" என்பார்கள். பேர் சொல்வதில் எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் ஓ-ரிங் உள்ள செயினுக்கும் இல்லாத செயினுக்கும் தேவை வேறு வேறு. அது தெரியாமல் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் வீண்.

நான் வேலை பார்ப்பது ஷார்ஜா எமிரேட்டில், துபாயிலிருந்து ஹத்தா போகும் ஈ44 சாலையை ஒட்டிய அல் பதாயர் பகுதியில், ஒரு வாடகை குவாட் கேம்பில். சுற்றுலாக்காரர்கள் 'பிக் ரெட்' என்று சொல்லும் பெரிய செம்மணல் மேடு இங்கேதான் இருக்கிறது. எங்களிடம் அதிகம் இருப்பவை யமஹா ராப்டர் 700. 686 சிசி, ஒற்றை சிலிண்டர், பின் ஆக்சிலுக்குச் செயின். குழந்தைகளுக்கு 90, 110 சிசி சின்ன வண்டிகள், அவற்றுக்கும் செயின்தான். அவ்வப்போது வெளியாட்கள் தங்கள் பழைய யமஹா பான்ஷீ குவாடைக் கொண்டுவந்து விட்டுப் போவார்கள். யமஹா கிரிஸ்லி மாதிரி, செயினுக்குப் பதில் ஷாஃப்டில் ஓடும் குவாடுகளுக்கும், பெல்ட்டில் ஓடும் பக்கிகளுக்கும் இந்தக் கட்டுரையில் வேலை இல்லை.

முதலில் மணலைப் பற்றி. இங்குள்ள செம்மணலில் பெரும்பங்கு குவார்ட்ஸ். சிவப்பு, மணியின் மேல் படிந்த இரும்பு ஆக்சைடால் வருவது. மோஸ் அளவில் குவார்ட்ஸின் கடினம் 7. சாதாரணக் கத்தியைக் கீறிவிடும். அந்த மணல் எண்ணெயோடு கலந்தால் வால்வு தேய்க்கும் பேஸ்ட்டுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. மழையும் சேறும் உள்ள ஊர்க்காரர்கள் எழுதும் செயின் ஆலோசனைகளை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ள முடியாததற்குக் காரணம் இதுதான். அவர்களுக்குத் தண்ணீரில் கழுவிப் போகாத, நன்றாக ஒட்டும் ஸ்பிரே வேண்டும். எங்களுக்கு அந்த ஒட்டும் குணமே எமன்.

ராப்டரில் வருவது 520 ஓ-ரிங் செயின். 5 என்பது லிங்குகளை இணைக்கும் ஒரு பின்னின் (ஆணியின்) நடுவிலிருந்து அடுத்த பின்னின் நடு வரை 5/8 அங்குலம், அதாவது 15.875 மி.மீ.; 20 என்பது ரோலர் அகலம் 2/8 அங்குலம். பின்னுக்கும், அதைச் சுற்றியிருக்கும் புஷ் என்ற குழலுக்கும் நடுவே தொழிற்சாலையிலேயே கிரீஸ் அடைத்து, உள் தகட்டுக்கும் வெளித் தகட்டுக்கும் இடையில் ரப்பர் வளையம் வைத்து மூடியிருப்பார்கள். நாம் வெளியிலிருந்து அடிக்கும் எதுவும் அந்தப் பின்னுக்குப் போகாது, போகவும் கூடாது. வளையம் விட்டுப் போனால் கிரீஸ் வெளியே, மணல் உள்ளே. செயின் சில வாரங்களில் நீண்டுவிடும். அப்படியானால் வெளியே அடிப்பது எதற்கு? ரோலரும் ஸ்ப்ராக்கெட்டின் (செயின் ஓடும் பல்சக்கரத்தின்) பல்லும் உரசும் இடத்துக்கு, தகடு துருப்பிடிக்காமல் இருக்க, ரப்பர் காய்ந்து வெடிக்காமல் இருக்க. மூன்றுக்கும் மெல்லிய படலம் போதும். சொட்டச் சொட்ட அடிப்பது பணத்துக்கும் கேடு, செயினுக்கும் கேடு.

கேம்பில் ஒரே மாதிரி வண்டிகள் வரிசையாக நிற்பதில் ஒரு வசதி. ஒரே மணல், ஒரே மாதிரி முரட்டு ஓட்டம். ஒவ்வொரு வண்டிக்கும் ஒவ்வொன்றைப் போட்டுப் பார்க்கலாம். சில சீசன்களாக அப்படித்தான் செய்துவருகிறேன்.

ரோடு பைக்குக்கு என்று விற்கும், நூல் மாதிரி இழுபடும் ஒட்டு ஸ்பிரேக்கள் இங்கே முதல் சவாரியிலேயே தோற்றுவிடும். பாகில் புரட்டிய எள்ளுருண்டை போல லிங்குக்கு லிங்க் மணல் அப்பிக்கொண்டு திரும்பும். அதைவிடக் கொடுமை முன் ஸ்ப்ராக்கெட் மூடிக்குள். தெறித்துப் போன கிரீஸும் மணலும் சேர்ந்து கல் மாதிரி இறுகி, கியர்பாக்ஸ் ஷாஃப்டின் ஆயில் சீல் மேல் உரசிக்கொண்டிருக்கும். எந்த ஸ்பிரே போட்டாலும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அந்த மூடியைக் கழற்றிச் சுரண்ட வேண்டும். ஒட்டு ஸ்பிரே போட்ட வண்டிகளுக்கு அது வாரம் ஒருமுறை வேலை.

அடுத்தது ஆஃப்-ரோடுக்கு என்றே வருபவை. மோட்டுல் இதில் தெளிவாகப் பிரித்தே விற்கிறது: சி1 கழுவ, சி2 ரோடுக்கு, சி3 ஆஃப்-ரோடுக்கு. சி3 போட்ட செயினில் மணல் கொஞ்சம் ஒட்டும். ஆனால் துணியால் ஒரு இழுப்பில் வந்துவிடும். காலையில் பனி இறங்கும் டிசம்பர், ஜனவரியில் எனக்கு இது திருப்தி. சூடு ஏறிய பிறகு இதைவிட உலர்ந்த ஒன்றைத் தேடினேன்.

அந்த இடத்தில் வருவது மெழுகும் உலர் படல வகையும். பாரஃபின் மெழுகு அடிப்படையில் வருபவை உண்டு. டெஃப்லானும் மாலிப்டினமும் கலந்து, அடித்ததும் ஈரமாக இருந்து, கரைப்பான் பறந்த பின் தொட்டால் கையில் ஒட்டாத படலமாக நிற்பவை உண்டு. காய்ந்த மணலில் இவற்றை மிஞ்ச எதுவுமில்லை என்பது என் தீர்ப்பு. மாலையில் வண்டி திரும்பும்போது ஒட்டியிருப்பது தூசி மட்டும். காற்று அடித்தால் பறந்துவிடும். குறை என்னவென்றால் படலம் சீக்கிரம் தேய்ந்துபோகும். ரோடு பைக் மாதிரி 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை என்றெல்லாம் கணக்கு வைக்க முடியாது. ஓடிய ஒவ்வொரு நாளும் கொஞ்சம் அடிக்க வேண்டும். சீசனில் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் ஷார்ஜாவில் விடுமுறை. வண்டி மூச்சுவிட நேரம் கிடையாது. அந்த மூன்று இரவும் பத்து நிமிடம் ஒதுக்க முடியாதவர்களுக்கு உலர் வகை சரிப்படாது, ஆஃப்-ரோடு வகையோடு இருந்துகொள்ளலாம். கடலோரச் சப்கா உப்புத்தரையில் ஓட்டுபவர்களும் அப்படியே. உப்பு ஈரத்தில் உலர் படலம் துருவைத் தடுக்காது; ஒரே வாரத்தில் தகடு பழுப்பாகிவிடும்.

டபிள்யூடி-40 பற்றி எப்போதும் ஒரு சண்டை நடக்கும். 1953 முதல் இருக்கிற சாமான், ஈரத்தை விரட்ட நல்லது, கழுவிய பின் செயினைத் துடைக்க நானும் பயன்படுத்துகிறேன். அந்த நீல மஞ்சள் டின்னை மட்டும் அடித்துவிட்டு ஓட்டுவதைத்தான் வேண்டாம் என்கிறேன். மிக மெல்லிய எண்ணெய். ரோலர் மேல் ஒரு சவாரிகூட நிற்காது.

இனி சின்ன வண்டிகள். இங்கேதான் கதை தலைகீழ். 90, 110 சிசி வண்டிகளில் வரும் 420, 428 செயின்கள் பெரும்பாலும் ஓ-ரிங் இல்லாதவை. பின்னுக்குள் கிரீஸை அடைத்து வைக்க வளையம் கிடையாது. எண்ணெயை நாம்தான் உள்ளே அனுப்ப வேண்டும். உலர் மெழுகை மேலே அடித்துவிட்டு அழகாக இருக்கிறதே என்று விட்டால், வெளியே பளபள, உள்ளே இரும்போடு இரும்பு கடிக்கும். இதற்கு டின் ஸ்பிரேவே தேவையில்லை என்பது என் அனுபவம். செயினின் இரு முனைகளையும் சேர்க்கும் லாக்கைக் கழற்றிச் செயினை எடுத்து, மண்ணெண்ணெயில் அலசி, காயவைத்து, 80டபிள்யூ-90 கியர் ஆயிலில் ஊறப்போட்டு, இரவு முழுக்கக் கம்பியில் தொங்கவிட வேண்டும். மறுநாள் காலை வெளியே இருக்கும் எண்ணெயைக் காய்ந்த துணியால் துணியில் கறுப்பு ஒட்டுவது நிற்கும் வரை துடைக்க வேண்டும். உள்ளே ஈரம், வெளியே உலர்வு. எங்கள் ஷெட்டில் புதிதாகச் சேர்ந்த தென்காசித் தம்பி இந்தக் கடைசித் துடைப்பைப் பார்த்துவிட்டு, "போட்ட எண்ணெயைத் துடைக்கவா அண்ணே இவ்வளவு நேரம் ஊறப்போட்டோம்?" என்று கேட்டான். "உள்ள போனது போயிருச்சுடா தம்பி, வெளிய நிக்கிறது மணலுக்குத்தான் சோறு" என்றேன். லாக்கைத் திரும்பப் போடும்போது அதன் மூடிய முனை செயின் ஓடும் திசையை நோக்கி இருக்க வேண்டும் என்பதை மட்டும் அவனுக்கு ஒன்றுக்கு இரண்டு முறை காட்டினேன். திருப்பிப் போட்டால் ஏதாவது உரசிக் கழன்றுவிடும்.

பெரிய வண்டிக்குப் போடும் முறை இப்படி. சவாரி முடிந்து வந்ததும், செயின் கை பொறுக்கும் சூட்டில் இருக்கும்போதே ஆரம்பிக்கலாம். இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துப் பையில் போட்டு, பின்பக்கத்தை ஸ்டாண்டில் தூக்கி, நியூட்ரலில் சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டும். இன்ஜினை ஐடிலில் விட்டுத் துணியைப் பிடித்தால் வேலை சீக்கிரம் முடியும் என்று எவன் சொன்னாலும் கேட்காதீர்கள். ஸ்ப்ராக்கெட்டுக்குள் துணி போனால் விரலும் சேர்ந்து போகும். முதலில் லேசான காற்று. கம்ப்ரஸரின் முழு அழுத்தத்தையும் ஓ-ரிங் மேல் நேராகப் பிடித்தால் மணலை நாமே உள்ளே தள்ளுகிறோம். பிரஷர் வாஷருக்கும் அதே சட்டம். அப்புறம் மண்ணெண்ணெய் நனைத்த நைலான் பிரஷ். கம்பி பிரஷ் ரப்பரைக் கிழிக்கும், பெட்ரோல் அதை உப்பவைத்துக் கெடுக்கும். துடைத்து, காயவிட்டு, பிறகுதான் ஸ்பிரே.

அடிக்க வேண்டிய இடம் கீழ் ஓட்டத்தின் உள்பக்கம், ரோலர் பல்லைச் சந்திக்கும் முகம். சுற்றும்போது எண்ணெய் தானாகவே வெளிப்பக்கம் நகரும். வெளியே அடித்தது உள்ளே வராது. குவாடில் இன்னொரு சங்கதி இருக்கிறது, பைக்கில் பழகியவர்கள் மறந்துவிடுவது. பின் ஸ்ப்ராக்கெட்டும் பிரேக் டிஸ்க்கும் ஒரே ஆக்சிலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். டின்னைக் கொஞ்சம் சாய்த்தால் டிஸ்க் நனைந்துவிடும். அடுத்த சரிவில் பிரேக் பிடிக்காது. ஒரு அட்டைத் துண்டை நடுவே சொருகிவிட்டு அடியுங்கள். உலர் வகை என்றால் இரவு முழுக்க விட்டுவிட வேண்டும். காலையில் அடித்து உடனே ஓட்டினால், கரைப்பான் பறக்கும் முன்னே மணல் ஒட்டிக்கொள்ளும். உலர் வகை வாங்கியதற்கே அர்த்தமில்லை.

ஸ்பிரே எவ்வளவு நல்லதாக இருந்தாலும், செயின் டைட்டாக இருந்தால் எல்லாம் வீண். பின் ஆக்சிலைத் தாங்கும் ஸ்விங்ஆர்ம் மேலே எழும்போது முன் ஸ்ப்ராக்கெட், ஸ்விங்ஆர்ம் திரும்பும் பிவட், ஆக்சில் மூன்றும் ஒரே கோட்டில் வரும் நேரத்தில்தான் செயின் உச்சமாக இறுகும். ஸ்டாண்டில் நிற்கும்போது கச்சிதமாகத் தெரிகிற செயின், பருத்த ஆள் ஒருவர் உட்கார்ந்து மேட்டிலிருந்து குதித்தால் கம்பி மாதிரி விறைக்கும். கியர்பாக்ஸ் பேரிங், சீல் எல்லாம் அடி வாங்கும். மணலை வாரித் தள்ளும் துடுப்பு மாதிரிப் பட்டைகள் உள்ள பாடில் டயர் போட்டவர்களுக்கு இழுவை அதிகம். இன்னும் கவனம் வேண்டும். வண்டியின் மேனுவலில் எவ்வளவு தொய்வு என்று இருக்கிறதோ அதை மனித பாரத்தோடு ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள்.

தேய்மானத்தைப் பார்க்க மெக்கானிக் வேண்டாம், ஒரு ஸ்கேல் போதும். செயினை இழுத்துப் பிடித்து 21 பின்களை எண்ணுங்கள். முதல் பின்னின் நடுவிலிருந்து கடைசிப் பின்னின் நடு வரை புதிய 520 செயினில் 317.5 மி.மீ. இருக்கும். அது 323-ஐ நெருங்கினால் ஸ்பிரேயை நிறுத்திவிட்டுச் செயினுக்குப் பணம் சேர்க்க ஆரம்பிக்கலாம். மாற்றும்போது இரண்டு ஸ்ப்ராக்கெட்டையும் சேர்த்தே மாற்றுங்கள். கொக்கியாக வளைந்த பழைய பல் புதுச் செயினைச் சீக்கிரமே தின்றுவிடும். மணலுக்கு அலுமினியப் பின் ஸ்ப்ராக்கெட் வேண்டவே வேண்டாம், ஸ்டீல்தான். எடை குறையும் என்று சொல்லி விற்பார்கள்; வாடகை வண்டியில் ரேஸா ஓட்டப்போகிறோம்?

ஜூன் முதல் செப்டம்பர் வரை இங்கே வெயில் 45 டிகிரியைத் தாண்டும். பகல் சவாரி அநேகமாக நின்றுவிடும், பல வண்டிகள் ஷெட்டில் தூங்கும். அப்போது மட்டும் என் விதியை நானே மாற்றிக்கொள்கிறேன். ஓடாத செயினில் மணல் ஏறப்போவதில்லை, ஆனால் இரவில் ஈரக்காற்று வரும். கழுவிக் காயவைத்த ஓ-ரிங் செயின்களுக்குக் கெட்டியான கியர் ஆயிலைப் பிரஷ்ஷால் தாராளமாகப் பூசி, மேலே பழைய துணியைச் சுற்றிவிடுவேன். அக்டோபரில் முதல் புக்கிங் வரும் வாரத்தில் அந்த எண்ணெயை மண்ணெண்ணெயால் முழுக்கத் துடைத்தெடுத்து, கையால் சுற்றிப் பார்த்து, விறைத்து நிற்கிற லிங்க் ஏதாவது இருந்தால் அந்தச் செயினை ஒதுக்கிவிட்டு, மற்றவற்றுக்கு உலர் ஸ்பிரே அடித்து ஒரு இரவு நிறுத்திவைப்பேன்.