பின் நம்பரா, கைரேகையா? போலீஸ் போனைத் திறக்கச் சொன்னால்

சென்னையில் விசாரணைக்குக் கூப்பிட்டு, மேசையில் இருக்கும் போனைக் காட்டி "லாக்கை எடுங்க" என்றால், சட்டம் எவ்வளவு தூரம் துணைக்கு வரும் என்பது நீங்கள் போட்ட பூட்டைப் பொறுத்தது.

குற்றம் சாட்டப்பட்டவரைத் தனக்கு எதிராகச் சாட்சியாக இருக்க வற்புறுத்தக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 20(3). எது சாட்சி? 1961இல் காத்தி காலு ஓகட் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகள் கோடு போட்டார்கள்: மனதில் இருக்கும் தகவலைச் சொல்வது சாட்சி, கைரேகை கொடுப்பது சாட்சி அல்ல.

அதனால் கைரேகை, முகம் இரண்டும் பலவீனமான பூட்டுகள். விரலைச் சென்சாரில் வைக்கச் சொன்னால் 20(3)ஐக் காட்டித் தடுப்பது கடினம்.

பின் நம்பரில்தான் சண்டையே. பாஸ்வேர்டு தருவது தனக்கு எதிரான சாட்சி ஆகாது என்றது 2021இல் கர்நாடக உயர் நீதிமன்றம். அது மனதில் இருக்கும் தகவல், கேட்டு வாங்க முடியாது, ஆனால் கைரேகை வாங்கலாம் என்றது 2022இல் டெல்லி சிபிஐ சிறப்பு நீதிமன்றம். சென்னை நீதிமன்றங்களை இரண்டுமே கட்டுப்படுத்தாது. ஆனால் உயர் நீதிமன்றத் தீர்ப்புக்கு எடை அதிகம். எழும்பூர் நீதிமன்றத்தில் மனு போடும் வக்கீல் அதற்குப் பதிலோடு போக வேண்டும். 1961இன் கோட்டோடு ஒத்துப்போவது டெல்லி பார்வைதான் என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

"தரலேன்னா 7 வருஷம்" என்று பயமுறுத்தினால் பதற வேண்டாம். அது ஐ.டி. (தகவல் தொழில்நுட்ப) சட்டத்தின் 69ஆவது பிரிவு, அதற்கு வழக்கமாக உள்துறைச் செயலர் மட்டத்தில் எழுத்துப்பூர்வ உத்தரவு வேண்டும். இன்ஸ்பெக்டரின் வாய்மொழி போதாது.

நீங்கள் வாய் திறக்காவிட்டாலும் நிபுணர்களை வைத்துப் பூட்டை உடைக்கப் பார்க்கலாம். நாலு இலக்கத்தில் 10,000 சேர்க்கைதான். ஆறு இலக்கத்தில் 10 லட்சம். இரண்டு பூட்டும் வைத்திருப்பவர்கள் கவனிக்க: அணைத்துப் போட்ட போன் முதல் தடவை பின் நம்பரைத்தான் கேட்கும், விரலை ஏற்காது. ஆனால் சம்மன் வந்த பிறகு எதையும் அழிக்காதீர்கள். அது தனிக் குற்றம்.

பலர் சறுக்குவது கையெழுத்தில். "தானாக முன்வந்து பின் நம்பர் கொடுத்தார்" என்ற ஒரு வரி மகஜரில் (போலீஸ் எழுதும் பறிமுதல் பதிவில்) இருந்தால், பிறகு வற்புறுத்தல் என்று வாதிடுவது கஷ்டம். படித்துப் பாருங்கள், ஐ.எம்.இ.ஐ. எண்ணும் (போனின் தனி அடையாள எண்), போன் பூட்டிய நிலையில் எடுக்கப்பட்டது என்பதும் அதில் இருக்கட்டும். பி.என்.எஸ்.எஸ். (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 105ஆவது பிரிவுபடி பறிமுதலை வீடியோ எடுத்தாக வேண்டும். எடுக்கவில்லை என்றால் அதையும் முதல் ஆஜரிலேயே மாஜிஸ்திரேட்டிடம் சொல்லுங்கள்.