ஃபில்டரா, பிளேயர்களா, மாடரேட்டரா: கேம்களில் வெறுப்புச் சின்னத்தை யார் பிடிப்பது?

2010இல் வந்த கால் ஆஃப் டியூட்டி பிளாக் ஆப்ஸ் என்ற சுடும் கேமில், நம் பெயரோடு காட்டும் சின்னமான எம்பளத்தை நாமே செய்துகொள்ளலாம். கொடுத்திருக்கும் வடிவங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, திருப்பி, நிறம் மாற்றினால் போதும். சில ஒல்லிச் செவ்வகங்களைச் சரியாகத் திருப்பிச் சேர்த்தால் நாஜிகளின் ஸ்வஸ்திகா வந்துவிடும், வரவும் செய்தது. மைக்ரோசாஃப்ட்டின் ஆன்லைன் கேம் சேவையான எக்ஸ்பாக்ஸ் லைவில் விதிமீறல்களைக் கவனித்துவந்த ஸ்டீபன் டூலூஸ், அப்படி வைத்தால் தடைதான் என்று வெளிப்படையாகவே எழுதினார். அது பழைய ஆன்மிகச் சின்னம்தானே என்ற வாதத்துக்கு, அதன் பெயரை மீட்கப் பாடுபடுங்கள், ஆனால் அதற்கான இடம் கேம் ப்ரொஃபைல் இல்லை என்பதுதான் அவர் பதிலின் சாரம். வாசற்படியில் குங்குமத்தில் வரைந்த ஸ்வஸ்திகாவைப் பார்த்தே வளர்ந்த எனக்கும் அது நியாயமாகத்தான் படுகிறது. ஆளைச் சுடும் கேமில் முகம் தெரியாத ஒருவர் அதைக் காட்டினால், எதிரில் இருப்பவருக்குப் பிள்ளையாரா ஞாபகம் வருவார்?

சரி, இதைப் பிடிப்பது யார்?

தப்பானதைத் தானாகத் தடுக்கும் மென்பொருளான ஃபில்டர்தான் மலிவு, தூங்காது. அப்பட்டமான வசைச்சொல்லுக்கு அது போதும். சின்னம் என்று வந்தால் தடுமாறும், ஏனென்றால் மேலே சொன்ன எம்பளத்தில் ஒவ்வொரு துண்டும் வெறும் செவ்வகம்தான். முழுப்படமாகச் சேர்த்துப் பார்த்தால்தான் தப்பு தெரியும். எண்கள் இன்னும் மோசம். நவநாஜிகளுக்கு 88 என்பது ‘ஹைல் ஹிட்லர்’ என்ற வணக்கம், அதன் இரண்டு சொல்லும் தொடங்கும் ஹெச் ஆங்கிலத்தில் எட்டாவது எழுத்து என்பதால். சீனர்களுக்கு அது ராசியான எண், 1988இல் பிறந்தவருக்கு வெறும் பிறந்த வருடம். யூத வெறுப்பை எதிர்க்கும் அமெரிக்காவின் ஏடிஎல் அமைப்பு ஓகே கைச்சைகையை 2019இல் தன் வெறுப்புச் சின்னப் பட்டியலில் சேர்த்தபோதே, பெரும்பாலானோர் அதைச் சாதாரணமாகத்தான் காட்டுகிறார்கள் என்றும் சொன்னது. இதை எந்த ஃபில்டரிடம் போய் விளக்குவது?

நம் பக்கமே வாருங்கள். பள்ளியில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடை செய்யச் சொல்லி 2024இல் நீதிபதி சந்துரு குழு பரிந்துரைத்தது. அதே வண்ணங்கள் ப்ரொஃபைலில் இரண்டு இதய எமோஜியாக வந்தால் வெளிநாட்டில் செய்த ஃபில்டருக்கு ஒன்றும் புரியாது, தென் மாவட்டத்துப் பையனுக்கு ஒரு நொடியில் புரிந்துவிடும்.

அப்படியானால் பிளேயர்களிடமே விட்டுவிடலாமா? லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ் என்ற ஆன்லைன் கேமில் 2011இல் டிரைப்யூனல் என்று ஒன்றை வைத்துப் பார்த்தார்கள். புகாருக்குள்ளானவரின் சாட்டைப் படித்து, தண்டிக்கலாமா மன்னிக்கலாமா என்று பிளேயர்களே ஓட்டுப் போடுவார்கள். 2014இல் நிறுத்திவிட்டார்கள். உள்ளூர்க் குறியீடு புரியும் என்பது இந்த வழியின் பலம். ஆனால் யாராவது புகார் கொடுத்தால்தான் கேஸே நடக்கும், வெறுப்பைப் பகிர்வதற்கென்றே கூடிய குழுவுக்குள் யார் யார்மேல் புகார் கொடுப்பார்? 2017இல் அமெரிக்காவின் சார்லட்ஸ்வில்லில் வெள்ளை இனவாதிகள் நடத்திய பேரணிக்கு, கேமர்கள் அரட்டையடிக்கும் டிஸ்கார்டில்தான் திட்டம் போட்டார்கள். அந்த சர்வர்களுக்கும் (டிஸ்கார்டில் குழுக்களுக்கு அதுதான் பெயர்) அட்மின்கள் இருந்தார்கள், அவர்களும் அதே கூட்டம். கடைசியில் நிறுவனமே இறங்கி மூடவேண்டியிருந்தது. கேம் விற்கும் தளமான ஸ்டீம் மீது 2024இல் ஏடிஎல் அறிக்கை வெளியிட்டதும், அமெரிக்க செனட்டர் மார்க் வார்னர் அதை நடத்தும் வால்வ் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதியதும் இதே சிக்கலால்தான்.

வரையும் கருவியையே எடுத்துவிட்டு நாலு ரெடிமேட் படம் மட்டும் கொடுப்பது இன்னொரு வழி. குட்டிப் பிள்ளைகளின் கேமுக்கு ஓகே. மைன்கிராஃப்ட் போல அடுக்குவதே ஆட்டம் என்றால் எதை எடுப்பது?

அப்புறம் சட்டம். ஜெர்மனியில் நாஜிச் சின்னங்களைப் பொதுவெளியில் காட்டுவது குற்றம். கல்வி, கலை போன்றவற்றுக்கு விலக்கு உண்டு, ஆனால் கேம்களுக்கு அதை ரொம்ப நாள் தரவில்லை. நாஜிகளைச் சுட்டுத்தள்ளுவதே கதையான வூல்ஃபென்ஸ்டைன் 3டி கேமை ஸ்வஸ்திகா இருக்கிறது என்று 1994இல் பறிமுதல் செய்தார்கள். 2017இல் வந்த வூல்ஃபென்ஸ்டைன் 2இன் ஜெர்மன் பதிப்பில் ஹிட்லருக்கு மீசையே இல்லை! அடுத்த ஆண்டுதான், கேமுக்கு வயதுச் சான்று தரும் யூஎஸ்கே ஒவ்வொன்றாகப் பார்த்து முடிவெடுப்போம் என்று இறங்கி வந்தது. கதைக்குள் எதிரியின் கொடியாக வருவது வேறு, விளையாடுகிறவர் தன் கொடியாகத் தூக்கிக்கொண்டு வருவது வேறு. இந்த வித்தியாசம் தெரியாத எந்த விதியும் முதலில் தப்பான ஆளைத்தான் அடிக்கும்.

என் ஓட்டு, மெஷின் எடுத்துக் கொடுக்க, ஊர் தெரிந்த மனிதர் தீர்ப்பு சொல்லும் கலவைக்கு. செலவு அதிகம்தான். ஆனால் சின்ன டிஸ்கார்ட் சர்வர் நடத்துகிறவருக்குக் காசே தேவையில்லை. டிஸ்கார்டிலேயே இருக்கும் ஃபில்டரான ஆட்டோமாடில் அப்பட்டமான வசைகளுக்கு மட்டும் பிளாக் வையுங்கள். 88 மாதிரி இரண்டு அர்த்தம் உள்ளவற்றை பிளாக் செய்யாமல், மாடரேட்டர்கள், அதாவது சர்வரைக் கண்காணிப்பவர்கள், மட்டும் பார்க்கும் சேனலுக்கு அலர்ட் மட்டும் வரும்படி விடுங்கள். ப்ரொஃபைல் படம் ஆட்டோமாடுக்குப் புரியாது, அதைக் கண்ணால்தான் பார்க்கவேண்டும். கூடவே, இரவு பதினொரு மணிக்கு மேல் விழித்திருக்கிற மாடரேட்டர் ஒருவராவது இருக்கட்டும், கூட்டம் சேருவதே அப்போதுதான்.